அறிதல் வேறு, அறிவித்தல் வேறு

விசாரணைச் சாளரத்தின் முன் அமர்ந்து பணியாற்றும் எம்மிடம் பயணிகள் கேட்கும் வினாக்களுள் தலையாயது ஒன்றே: “வண்டி இப்போது எங்கே வருகிறது?”

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, நம் தமிழ்க் குடும்பத்து மூதாட்டி ஒருவர் கைப்பேசியை நீட்டியவாறு விரைந்து வந்தார். “தம்பி, என் மகன் வருகிற வண்டி நாற்பது நிமிடமாக ஒரே இடத்தில் நிற்கிறது, என்ன நேர்ந்ததோ, கேட்டுச் சொல்லப்பா” என்று கலங்கினார். படத்தில் புள்ளி அசையாது நின்றது உண்மையே. உடனே கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் வினவினோம். வண்டி நிற்கவில்லை, செய்தி வருவதுதான் நின்றிருந்தது. கால் மணி நேரத்தில் மகன் வந்திறங்கினான். அந்நாற்பது நிமிடத்தில் அத்தாய் பட்ட துயரை எண்ணியே இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இதன் இயல்பை விளக்குவதற்குக் கிளைடர் என்னும் எஞ்சினில்லா விமானம் தக்க சான்றாகும். வெயிலால் சூடேறி மேலெழும் காற்றைப் பற்றி உயர்ந்து, பின் சறுக்கி, மீண்டும் உயர்ந்து செல்வது அது. காற்று கைவிட்டால் கண்ட வயலில் இறங்க வேண்டியதே. ஆதலின் அஃது எங்கே இருக்கிறது என்பதைத் தரையிலுள்ளோர் அறிவது வேடிக்கையன்று, உயிர்க்காவலாகும். இமாசலப் பிரதேசத்துப் பீர்–பில்லிங்கில் 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அத்தகைய மலைகளில் ஒருவர் காணாமற் போனால், அவருடைய கருவி இறுதியாக அனுப்பிய புள்ளியே தேடுவோருக்கு வழிகாட்டி.

இக்கருவி செய்யும் வேலை இரண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெற்றுத் தன் இடத்தைத் தானே கணிப்பது ஒன்று. அதைப் பிறருக்கு அனுப்புவது மற்றொன்று. முன்னதற்குத் திறந்த வானம் போதும். பின்னதற்கோ கைப்பேசிக் கோபுரமாவது வேறு செயற்கைக்கோளாவது வேண்டும். கோபுரங்கள் தரையில் நடமாடுவோருக்கென அமைந்தவை. உயரப் பறப்பவனுக்கும் மலையிடுக்கில் இறங்கியவனுக்கும் அவை எப்போதும் எட்டுவதில்லை. ஆகவே, கருவி தன் இடத்தை நன்கறிந்திருந்தும் ஊமையாய் இருக்கக்கூடும். அவ்வேளையில் இடங்களைக் குறித்து வைத்து, தொடர்பு கிடைத்தவுடன் மொத்தமாக அனுப்பும் கருவிகளும் உண்டு. ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் போன்ற செயற்கைக்கோள்கள் வாயிலாக, கோபுரமே இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பலாம்.

நம் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2016 மே 23-ஆம் நாள், இஸ்ரோ சிறகுடைய ஊர்தி ஒன்றை ஏவிச் சோதித்தது. அது சுமார் 65 கிலோமீட்டர் உயரம் சென்று, சறுக்கி இறங்கி, 450 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலை அடைந்தது. பயணம் ஏறத்தாழ 770 வினாடி. அதனைத் தொடர்ந்து கண்காணிக்கக் கரை நிலையம் மட்டும் போதவில்லை. கடலில் கப்பலிலும் ஒரு நிலையம் அமைத்தனர். இஸ்ரோவுக்கே அந்நிலை எனின், நம் கைப்பேசிக்கு எந்நிலை?

இனி நம் இரயிலுக்கு வருவோம். முன்னாளில் ஒவ்வொரு நிலையத்தாரும் வண்டி கடந்த நேரத்தை அறிவிப்பர். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட இடம் வெறும் ஊகமே. இஸ்ரோவின் துணையோடு அமைந்த ஏற்பாட்டால், கருவி பொருத்திய எஞ்சின்கள் 30 வினாடிக்கு ஒரு முறை தம் இடத்தை அறிவிக்கின்றன. 2022-க்குள் 21 மின் எஞ்சின் பணிமனைகளைச் சார்ந்த 2,700 எஞ்சின்களுக்கு இது வகுக்கப்பட்டது. ஆயினும் கருவியும் கருவியே. அதற்கும் செய்தி செல்ல வழி வேண்டும்.

மக்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் குடும்பத்தாருக்கு மூன்று சொற்கள். முதலாவது: புள்ளியைக் காணுமுன், அஃது எத்தனை மணிக்கு வந்த செய்தி என்பதைக் காணுங்கள். இரண்டாவது: ஐயம் எழுந்தால் 139 என்னும் இரயில்வே எண்ணில் வினவுங்கள், சாளரத்துக்கு வரினும் நன்றே. மூன்றாவது: வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், செயற்கைக்கோள் வழியே பேசும் கருவிகளை அரசின் அனுமதியின்றி இந்நாட்டுக்குக் கொண்டு வரலாகாது, அது சட்டப்படி குற்றமாகும். புறப்படுமுன் இதனை அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

அந்த அம்மையார் மறுவாரம் வேறொரு வண்டியைப் பற்றிக் கேட்க வந்தார். “புள்ளி நின்றுவிட்டது தம்பி, ஆனால் இருபது நிமிடத்துக்கு முந்திய செய்தி என்று போட்டிருக்கிறது” என்றார், கலங்காமல். எமக்கு அது போதும்.