விக்டோரியா காலக் கட்டடங்கள்: சென்னைக் குடிமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

விக்டோரியா அரசி ஆட்சி செய்த 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் பிரிட்டனிலும் அதன் ஆளுகையில் இருந்த நாடுகளிலும் எழுந்த கட்டடங்கள் விக்டோரியா காலக் கட்டடங்கள் எனப்படுகின்றன. இவை ஒரே பாணியில் அமைந்தவை அல்ல. கூர்வளைவுகளும் ஊசிக் கோபுரங்களும் கொண்டது காதிக் பாணி. தூண் வரிசையை முகப்பில் நிறுத்துவது ரோமானியச் செவ்வியல் பாணி. சென்னையில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. முகலாயக் குவிமாடம், தென்னிந்தியத் தூண், கேரளத்துச் சரிவுக் கூரை ஆகியவற்றை ஐரோப்பியக் கட்டட அமைப்போடு இணைத்த இந்தோ-சாரசெனிக் பாணி அது.

மாநிலக் கல்லூரி (1870), சென்ட்ரல் ரயில் நிலையம் (1873), பல்கலைக்கழக செனட் இல்லம் (1879), தலைமை அஞ்சலகம் (1884), உயர் நீதிமன்றம் (1892), கன்னிமாரா நூலகம் (1896) ஆகியவை இக்காலத்தின் முக்கியமான பொதுக் கட்டடங்கள். எழும்பூர் ரயில் நிலையமும் (1908) ரிப்பன் மாளிகையும் (1913) அரசியின் மறைவுக்குப் பிறகு வந்தவை. ஆனாலும் இதே மரபின் தொடர்ச்சி. உதகையின் நீலகிரி நூலகமும் கோவை டவுன்ஹாலில் உள்ள விக்டோரியா மண்டபமும் சென்னைக்கு வெளியே உள்ள சான்றுகள்.

இந்தோ-சாரசெனிக் பாணி உருவானதில் இருவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்திய மண்ணில் கட்டுபவர்கள் இந்தியக் கட்டடக்கலையிலிருந்து கற்க வேண்டும் என்று வாதிட்டவர். அக்கருத்துக்கு உருவம் கொடுத்தவர் அரசுக் கட்டடக்கலைஞர் ராபர்ட் ஃபெலோஸ் சிஸம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைக்கும் பணி சிஸமிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரக்கூரைகளையும் அவர் கூர்ந்து பார்த்தார். திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்திலும் சென்னைத் தலைமை அஞ்சலகத்திலும் தெரியும் சரிவுக் கூரைகள் அந்தப் பாடத்தின் விளைவு. அவருக்குப் பின் ஹென்றி இர்வின் உயர் நீதிமன்றத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் முடித்தார்.

“அந்நியன் கட்டியது, அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?” என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. வரைபடம் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள்தான். கட்டிய கைகள் இந்த ஊர்க்காரர்களுடையவை. உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், சென்னையிலுள்ள விக்டோரியா பொது மண்டபம் ஆகியவற்றை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். கணிதமேதை ராமானுஜன் தம் இறுதி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான். கொத்தனார், தச்சர், கல்தச்சர் எனப் பெயர் பதிவாகாத பல நூறு பேரின் உழைப்பு இச்சுவர்களில் இருக்கிறது. செலவான பணமும் இந்த மாகாணத்து மக்கள் செலுத்திய வரியிலிருந்தும் கொடுத்த நன்கொடையிலிருந்தும் வந்ததே.

இக்கட்டடங்களில் நடந்தவையும் இந்த ஊரின் வரலாறே. விக்டோரியா பொது மண்டபத்தில் 1897-இல் விவேகானந்தர் உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்களை மேடையேற்றியது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், பிற்பாடு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று அந்த நீதிமன்ற வளாகச் சுவரைத் தாக்கியது.

இக்கட்டடங்களை ரசிப்பதற்குப் படிப்பு தேவையில்லை. எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும். வளைவு கூரியதா, அரைவட்டமா, பல இதழ்களாக விரிந்ததா என்பது பாணியைச் சொல்லிவிடும். ஜன்னலுக்கு மேலே நீட்டிய சஜ்ஜா வெயிலையும் சாரலையும் தடுக்கிறது. உயர்ந்த கூரைக்கடியில் சூடான காற்று மேலேறி வென்டிலேட்டர் வழியாக வெளியேறுகிறது. சாய்ந்த மரப்பட்டைகள் பொருத்திய ஜன்னல்கதவு காற்றை விட்டு வெளிச்சத்தின் உக்கிரத்தைக் குறைக்கிறது. சுற்றிவரும் தாழ்வாரத்தால் உட்சுவரில் வெயில் படுவதில்லை. அழகுக்காக வைத்தவை போலத் தோன்றும் பலவும் மின்விசிறி வருவதற்கு முந்தைய காலத்தில் வெயிலுக்குக் கண்டறிந்த வழிகள். கன்னிமாரா நூலகத்தின் பழைய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரையின் இலைவேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியும் தெரியும்.

இந்தக் காலத்து வீடுகளின் தனிச்சிறப்பு மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டைக் கூரை. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டங்களைப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு நிற்கும்படி மூலைவாட்டாக அடுக்குவார்கள். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்யும் வேலை அது. அதற்கும் மேலே தட்டோடு பதிக்கப்படும். இரும்புக் கம்பியோ சிமென்ட்டோ இல்லாத இக்கூரைகளில் பல, நூறாண்டு தாண்டியும் ஒழுகாமல் இருக்கின்றன. உட்சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புக் காரையைப் பூசி, கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் மினுக்கினார்கள்.

இத்தகைய கட்டடத்துக்கு முதல் எதிரி தவறான பழுதுபார்ப்பு. சுண்ணாம்பால் கட்டிய சுவர் மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. நீரில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, சில மழைக்காலத்துக்குள் செங்கல் பொரிந்து உதிர்கிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் இதையே செய்கிறது. இரண்டாவது எதிரி கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசும் ஆலும். கிளையை மட்டும் வெட்டினால் வேர் இன்னும் தடித்துச் சுவரைப் பிளக்கும். வேரோடு அகற்றிய இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். மூன்றாவது எதிரி தீ. தலைமை அஞ்சலகம் 2000-இல் தீ விபத்தில் சேதமடைந்தது. விக்டோரியா காலத்துக்கும் முந்தைய சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி 2012-இல் எரிந்தது. பழைய மரவேலைப்பாடும் பழைய மின்கம்பிகளும் அடுக்கிவைத்த காகிதக் கோப்புகளும் ஒன்றாக இருக்கும் இடங்களில் இந்த ஆபத்து அதிகம்.

தனியார் வீடுகளுக்கு உள்ள அச்சுறுத்தல் வேறுவகை. நுங்கம்பாக்கம், எழும்பூர், கீழ்ப்பாக்கம் பகுதிகளில் இருந்த தோட்ட வீடுகளில் பெரும்பாலானவை பாகப்பிரிவினையிலும் மனை விலையேற்றத்திலும் மறைந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. மிச்சமிருப்பவற்றின் உரிமையாளர்கள் பலருக்கு இடிக்க மனமில்லை. பராமரிக்க வழியும் தெரிவதில்லை.

நூறாண்டு கடந்துவிட்டாலே ஒரு கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. 2010-இல் வந்த தீர்ப்பு அந்த இடிப்பைத் தடுத்ததோடு, நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட 400-க்கும் மேற்பட்ட மரபுக் கட்டடங்களைப் பற்றிய அக்கறையையும் எழுப்பியது. 2012-இல் தமிழ்நாடு மரபுச்சின்னங்கள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் இடிப்பைத் தடுப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. பூட்டிவைத்த கட்டடம் இடிக்கப்படாமலே சிதையும்.

இந்தப் போராட்டம் பிற நகரங்களும் கடந்து வந்ததுதான். விக்டோரியா காலக் கட்டடங்களை அருவருப்பானவை என்று இங்கிலாந்தே ஒதுக்கிய காலம் உண்டு. லண்டனின் யூஸ்டன் நிலைய வளைவு 1960-களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. 1958-இல் தொடங்கிய விக்டோரியா சங்கமும் கவிஞர் ஜான் பெட்ஜமனும் தொடர்ந்து குரல் கொடுத்ததால் அருகிலிருந்த செயின்ட் பான்கிராஸ் நிலையம் தப்பி, 1967-இல் உயர்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. மும்பையில் 1995-இல் மரபுக் கட்டட விதிகள் வந்தன. அந்நகரின் விக்டோரியா காதிக், ஆர்ட் டெக்கோ கட்டடத் தொகுதி 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. இரு நகரங்களிலும் முதலில் விழித்துக்கொண்டவர்கள் குடிமக்கள்.

சென்னையிலும் நம்பிக்கை தரும் முன்மாதிரி உண்டு. பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டி செனட் இல்லம் சீரமைக்கப்பட்டது. பழைய பொருளும் பழைய முறையும் இன்றும் சாத்தியம் என்பதை அப்பணி காட்டியது. அந்த வழியில் பிற கட்டடங்களும் காக்கப்பட, சென்னைக் குடிமக்களிடம் பின்வரும் வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன.

1. பழைய வீடு வைத்திருப்போர், பழுதுபார்க்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடமோ மரபுக் கட்டடப் பொறியாளரிடமோ கேட்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் மாடி வடிகாலைச் சுத்தம் செய்வதும் முளைத்த செடியை வேரோடு நீக்குவதும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய சேதத்தைத் தவிர்க்கும்.

2. வீட்டை விற்கவோ இடிக்கவோ நேர்ந்தால், அதற்கு முன் புகைப்படமும் அளவு வரைபடமும் எடுத்து நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சேர்க்க வேண்டும். தேக்கு விட்டம், கதவு, வண்ணக் கண்ணாடி ஆகியவை பழைய மரக்கடைக்குப் போவதைவிட வேறொரு பழைய கட்டடத்தின் பழுதுக்குப் பயன்படுவது நல்லது.

3. பழைய கட்டடத்தில் இயங்கும் கல்லூரிகளும் அலுவலகங்களும் மின்கம்பிகளை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். கோப்புகளைத் தாழ்வாரத்தில் அடுக்குவதையும், முகப்பில் துளையிட்டு ஏசி பொருத்துவதையும் கைவிட வேண்டும்.

4. பழைய கட்டடங்களுக்கு வந்துபோகும் பொதுமக்கள் சுவரில் போஸ்டர் ஒட்டுவதையும் பெயர் கீறுவதையும் தடுக்க வேண்டும். பள்ளிகள் மாணவர்களை ஆண்டுக்கொரு முறையாவது இக்கட்டடங்களுக்கு அழைத்துச் செல்லலாம்; கன்னிமாரா நூலகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் அதற்கு நல்ல தொடக்கம்.

5. மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் மூன்று கோரிக்கைகளைக் குடிமக்கள் எழுத்தில் வைக்க வேண்டும்: மரபுக் கட்டடப் பட்டியலைத் தெருவாரியாக வெளியிடுவது, இடிக்காமல் பராமரிக்கும் உரிமையாளருக்குச் சொத்துவரியில் சலுகை தருவது, சுண்ணாம்பு வேலையில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பது. பட்டியல் இருந்தால் இடிப்பு ரகசியமாக நடக்காது. சலுகை இருந்தால் உரிமையாளருக்குப் பராமரிப்பு சுமையாகாது. வேலை தெரிந்தவர்கள் இருந்தால் சிமென்ட் மூட்டையை நாட வேண்டியதில்லை.

இங்ஙனம்,
சென்னையின் மரபுக் கட்டடங்கள்மீது அக்கறை கொண்ட குடிமக்கள்