கொதிக்கும் சால்னாவும் பாலித்தீன் கவரும்: உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களின் சமுகத்திற்கு,



அந்தி சாய்ந்ததும் நம் நாட்டுப் பரோட்டாக் கடைகளில், அடுப்பை விட்டு இறங்கிய சால்னா, மேலே மிதக்கும் எண்ணெயின் சூடு தணியுமுன்னரே மெல்லிய பாலித்தீன் கவரில் ஊற்றப்பட்டு, ரப்பர் பேண்டால் வாய் கட்டப்பட்டு, பார்சல் என்ற பெயரால் வீடுதோறும் சென்று சேர்வதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். கொழுப்பும் பிளாஸ்டிக்கும் உஷ்ணத்தின் சாட்சியாக ஒன்று கூடும் இந்தச் சிறு காரியம், அரசாங்கத்தின் ஏடுகளில் இரண்டாகப் பிரிந்து, எண்ணெய் தங்கள் துறையின் விஷயமாகவும், கவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விஷயமாகவும் கிடப்பதே இம்மடலை நான் எழுத நேர்ந்ததன் காரணம். உண்பவனுடைய தேகத்தில் அப்படி ஒரு பிரிவினை இல்லை. இரண்டும் ஒரே இரத்தத்தில் கலந்து, ஒரே சிறுநீரகத்தின் வாயிலைத்தான் அடைகின்றன.

இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெற்று, சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்களைத் தலைக்குத் தாங்கி, இரண்டுமாகச் சேர்ந்து நாள்தோறும் 180 லிட்டர் அளவுக்கு வடித்து, அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே ஒப்படைக்கும் இந்த அவயவங்கள், தம் துன்பத்தைச் சொல்லத் தெரியாதவை. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறிற்று என்று பரிசோதனைத் தாள் காட்டும்போது, பெரும்பாலும் வடிக்கும் சக்தியில் பாதி போயிருக்கும். நோய் முற்றியவர், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு, கூலியை இழந்து, துணைக்கு வரும் மனைவியோ மகனோ தம் கூலியையும் இழந்து வாழும் வாழ்வைக் கண்டவர்கள், இந்நோயைத் தனி மனிதரின் வினைப்பயன் என்று ஒதுக்க மாட்டார்கள்.

கொழுப்பு மிகுந்த ஆகாரம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழி வைத்திய உலகம் நெடுநாளாக அறிந்தது. உடல் பருக்கப் பருக்க, வடிகட்டும் நுண்முடிச்சுகள் அளவுக்கு மீறி உழைத்து, வீங்கி, நாளடைவில் தழும்பேறுகின்றன; புரதம் சிறுநீரில் கசிகிறது; நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் துணைக்கு வந்து மிச்சத்தை முடிக்கின்றன. புதிதாக நம் கவனத்தை வேண்டி நிற்பது மற்றொன்று. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்கள் மனித இரத்தத்திலேயே உள்ளன என்பதை 2022-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், 22 பேரைச் சோதித்து 17 பேரிடம் கண்டு, வெளியிட்டார்கள்; அதன் பின்னர் மனிதச் சிறுநீரகத் திசுக்களிலும் அவை காணப்பட்டிருக்கின்றன. எலிகளில் நடந்த பரிசோதனைகளோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பாலிஸ்டைரீன் துகளும் கொழுப்புணவும் சேர்ந்து செல்லும்போது, தனித்தனியே செல்வதைக் காட்டிலும் சிறுநீரகத்தில் கொழுப்புப் படிவும் அழற்சியும் மிகுவதாகக் காட்டுகின்றன.

அந்த எலிகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது மனிதர் சாதாரணமாக உட்கொள்ளும் அளவைவிட மிக அதிகம் என்பதையும், எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று சொல்லிவிட இயலாது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், தீங்கு முழுவதும் நிரூபணமாகும் வரை காத்திருப்பது, வீணாய்ப் போனபின் மீளாத ஓர் அவயவத்தின் விஷயத்தில் விவேகமாகுமா என்பதே என் கேள்வி. பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்யச் சேர்க்கப்படும் தாலேட் போன்ற இரசாயனங்கள் நீரைவிடக் கொழுப்பில் எளிதாய்க் கரைபவை. சூடு அக்கரைவை விரைவுபடுத்துகிறது. 85 முதல் 90 டிகிரி வரை சூடான நீரைப் பேப்பர் கப்பில் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால், அதன் பிளாஸ்டிக் உட்பூச்சிலிருந்து 100 மில்லிலிட்டரில் சுமார் 25,000 துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. 2020-இல் கண்டறிந்தது. வெறும் நீரின் கதையே இதுவாயின், எண்ணெய் மிதக்கும் சால்னாவுக்குத் தனியே ஒரு பரிசோதனை வேண்டுமென்று கேட்பது மிகையாகாது.

சட்டத்துக்குக் குறைவில்லை. உணவைப் பொதியும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 1-1-2019 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. பேப்பர் கப் தடையை உச்ச நீதிமன்றமும் 2023-இல் நிலைநிறுத்திற்று. பொதியிலிருந்து உணவுக்குள் இறங்கக்கூடிய பொருளுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற வரம்பும் 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதி விதிகளில் உண்டு. ஆனால் அவ்வரம்பு எடையை அளக்கிறதேயன்றித் துகளை எண்ணுவதில்லை; தடையோ குப்பையைக் குறைக்கும் நோக்கத்தோடு பிறந்தபடியால், சோதனைக்கு வருபவர்கள் கட்டுக்கட்டாய்க் கவரைப் பறிமுதல் செய்து போனபின், மறுநாளே வேறு கட்டு வந்துவிடுகிறது. பலமுறை காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று விதித்து, கருவி கொண்டு அதைக் கடைவாசலிலேயே அளக்கும் தங்கள் துறை, அந்த எண்ணெய் எதில் ஊற்றப்படுகிறது என்பதையும் தன் கடமையாகக் கொள்வது கடினமன்று.

கடைக்காரரைத் தண்டிப்பது என் நோக்கமன்று. இரண்டு ரூபாய் மிச்சத்துக்காகப் பாடுபடும் அவருக்கு வாழையிலையும் மந்தார இலையும் தடையின்றிக் கிடைக்க வழி செய்தும், தூக்குவாளியோடு வருபவருக்கு முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுப்பதைப் பதிவுச் சான்றின் நிபந்தனையாகவே எழுதியும் தாங்கள் தொடங்கலாம். பிளாஸ்டிக்கில் சூடான எண்ணெய்ப் பண்டம் ஊற்றுவதைக் குப்பைக் குற்றமாக அல்லாமல் உணவுக் குற்றமாகவே கருதும்படி கள அலுவலர்களுக்குத் தாக்கீது அனுப்பலாம்.

அதற்கு முன்பாக ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில், அந்தந்த ஊர்க் கடைகளில் அன்றாடம் புழங்கும் கவர்களையே எடுத்து, அடுப்பிலிருந்து இறங்கும் சூட்டிலேயே எண்ணெயை ஊற்றி, வீடு போய்ச் சேரும் நேரம் வரை வைத்திருந்து சோதிக்கச் செய்து, முடிவுகளை எவரும் படித்தறியும் தமிழில் வெளியிடத் தாங்கள் ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு குடிமகன்