கூலிக்கு அமர்த்திய வாய்கள்

இசைக்குழு ஒன்று தோன்றும் முறை எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஒரே தெருவிலோ ஒரே பள்ளியிலோ வளர்ந்த இளைஞர் சிலர் கூடுவர். ஒருவர் இசைக்க மற்றொருவர் பாடுவர். ஆண்டுக்கணக்கில் பிழைபடப் பாடிப் பாடிப் பழகியபின் ஒருநாள் அவர்கட்கே உரியதான ஓர் ஒலி அவர்களிடையே பிறக்கும். பெயரும் கேட்பாரும் பணமும் அதன்பின்னர் வந்து சேரும், வாராமலும் போகும். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இலாசு ஏஞ்சலீசு நகரில் இம்முறை தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டது. முதலில் பணம் வந்தது. அடுத்துக் கதை வந்தது. ஆட்கள் அதற்கும் பின்னரே வந்தனர். பாட்டு எவருடையது, இசை எவருடையது என்னும் வினாக்கள் எழவே இல்லை. எழவேண்டிய தேவையும் இல்லை என்றே பணம் போட்டவர்கள் எண்ணினர்.

பாப் இராபெல்சன், பெர்ட்டு சினைடர் என்னும் படத்தொழிலர் இருவர், இங்கிலாந்தின் பீட்டில்சு குழுவினர் 1964-இல் நடித்த திரைப்படம் பெற்ற வெற்றியைக் கண்டு, அதுபோன்றதொரு நால்வர் குழுவைக் கிழமைதோறும் தொலைக்காட்சியில் காட்டக் கருதினர். கொலம்பியாப் படநிறுவனத்தின் தொலைக்காட்சிக் கிளை முதல் போட முன்வந்தது. 1965 செபுதம்பரில் திரைத்தொழில் நாளிதழ்களில் விளம்பரம் வெளியாயிற்று. 17 முதல் 21 அகவை வரையிலான கிறுக்கு இளைஞர் நால்வர் தேவை என்பது அதன் கருத்து. 437 பேர் தேர்வுக்கு வந்தனர் என்பர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரும் ஒருவரையொருவர் அறியாதவர். இடேவி சோன்சு மான்செசுட்டரில் பிறந்த மேடை நடிகர். முன்னரே அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். மிக்கி தோலென்சு சிறு அகவையிலேயே தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். மைக்கேல் நெசுமித்து தெக்சாசு மாநிலத்தார். தாமே பாட்டியற்ற வல்லவர். பீட்டர் தார்க்கு நியூயார்க்கு நகரின் சிறு அரங்குகளில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி வந்தவர்; பல கருவிகளை இசைக்கத் தெரிந்தவர். இவரை அனுப்பிவைத்தவர் இசுடீபன் இசுடில்சு. அவரே முதலில் தேர்வுக்குச் சென்று தள்ளப்பட்டவர்! பின்னாளில் அவர் பெரும் பாடகராக விளங்கியதை நோக்கின், அத்தேர்வில் எது தேடப்பட்டது, எது தேடப்படவில்லை என்பது விளங்கும்.

குழுவுக்கு 'மங்கீசு' என்று பெயர் வைத்தனர். குரங்குகள் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை வேண்டுமென்றே பிழைபட மாற்றி அமைத்த பெயர் அது. வண்டுகளைக் குறிக்கும் சொல்லைத் திரித்துப் பீட்டில்சு தம் பெயரை அமைத்துக்கொண்டதன் போலி அஃது. பிழையையும்கூட இரவல் வாங்கியவர்கள் அவர்கள்! இதில் ஒரு நகைப்புக்கிடமான பொருத்தமும் உண்டு. தட்டச்சுப் பிழைகளை மறைக்கும் வெண்ணீர்மத்தைக் கண்டுபிடித்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய அம்மையாரின் மகனே நெசுமித்து. தாய் எழுத்துப் பிழையை நீக்கிப் பொருளீட்டினார். மகன் எழுத்துப் பிழையைச் சுமந்து பொருளீட்டினார்.

1966 செபுதம்பர் 12-ஆம் நாள் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடர் தொடங்கிற்று. கேட்பார் எவருமின்றி வாடும் ஓர் இசைக்குழுவின் நகைச்சுவைக் கதை அது. கதைக்குள் கேட்பார் இல்லை. கதைக்கு வெளியிலோ கேளாதார் இல்லை. முதற் பாடல் அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் தலைக்கு ஏறிற்று. நீல் இடயமண்டு இயற்றிய இரண்டாம் பாடல் ஏழு கிழமைகள் அவ்விடத்திலேயே நின்றது. முதல் நெட்டிசைத்தட்டு 13 கிழமைகளும் இரண்டாவது 18 கிழமைகளும் முதலிடத்தில் இருந்தன. தவசப் பொதி விற்கும் கெல்லாக்சு நிறுவனம் தொடருக்குப் புரவலர். காலையுணவும் பாட்டும் ஒரே கடைக்காரரிடமிருந்து வந்தன என்க.

இப்பெருவிற்பனைக்குப் பின்னிருந்த பட்டறையின் தலைவர் கிர்சுனர் என்பவர். நியூயார்க்கிலிருந்த பாட்டியற்றுநரைக் கூலிக்கு எழுதச் செய்து, வெல்லும் பாட்டைக் காதாலேயே இனங்காணும் ஆற்றலுடையவர் என்று பெயர் பெற்றவர். அந்தப் பட்டறைப் பாடல்கள் இழிந்தவை அல்ல. கைதேர்ந்த வல்லுநர்களின் செய்பொருள்கள் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். கருவிகளை இசைத்தோரும் அந்நகரின் தலைசிறந்த கூலி இசைவாணர்களே. பகலெல்லாம் படப்பிடிப்பில் உழன்ற நால்வரும் இரவில் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைக்கப்படுவர்; முன்பே முடிந்திருந்த இசைமேல் தம் குரலைப் பதித்துவிட்டுச் செல்வர். நெசுமித்து ஒருவருக்கு மட்டும் தட்டுக்கு ஓரிரு பாடல் தாமே செய்துகொள்ள இடம் தரப்பட்டது. ஏனையோர்க்கு அதுவும் இல்லை.

ஆகவே இங்கே களவு ஒன்றன்று, இரண்டு. உண்மையில் இசைத்தவரின் பெயர் கேட்பார்க்கு மறைக்கப்பட்டது. இசைக்காதவரின் முகம் கேட்பார்க்கு விற்கப்பட்டது. இருசாராரும் கூலியாட்களே. ஒரு சாராருடைய கை வாங்கப்பட்டது. மறுசாராருடைய வாய் வாங்கப்பட்டது. இதனை உணராது, அந்நாளைய திறனாய்வாளர் பலர் அந்த நால்வரையே பொய்யர் என்று தூற்றினர். வாங்கியவரை விட்டுவிட்டு வாங்கப்பட்டவரைப் பழிப்பது எளிய வேலை.

அந்த வாய்கள் பேசத் தொடங்கியதே இவ்வரலாற்றில் எவரும் எதிர்பாராத பகுதி. ஊர் ஊராகச் சென்று மேடையில் பாடவேண்டும் என்று முதலீட்டாளர் கட்டளையிட்டபோது, நால்வரும் மெய்யாகவே ஒன்றுகூடி இசைக்கப் பழக நேர்ந்தது. தோலென்சு முழவர் என்று கதையில் குறிக்கப்பட்டவர், முழவு தொட்டறியாதவர். அவர் அதனைக் கற்றுக்கொண்டார். 1966 திசம்பரில் அவாய்த் தீவில் முதன்முறை மேடையேறினர். ஆயிரக்கணக்கானோர் முன் தம் கைகளால் எழுந்த ஒலியைத் தம் காதுகளால் கேட்டபின், மீண்டும் வெறும் வாயாக இருக்க அவர்களால் இயலவில்லை. ஊதியம் பெருக்கும் பொருட்டு முதலாளி இட்ட கட்டளையே அவனுக்கு எதிரான கல்வியாக முடிந்தது.

1967 சனவரியில் இரண்டாம் நெட்டிசைத்தட்டு வெளிவந்தது. பாடியவர்கள் நால்வரும் அது வெளியாகப்போவதை அறியார்! அதன் உறையில் இருந்த படம் ஒரு துணிக்கடை விளம்பரத்திற்காக எடுக்கப்பட்டது. உறையின் பின்புறத்து உரையோ கிர்சுனரின் பாட்டியற்றுநரைப் போற்றிற்று. தம் முகத்தைத் தாங்கிய பொருளைக் கடையில் கண்டு அறிந்துகொள்ளும் நிலை எத்தகைய மானக்கேடு என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்திங்களிலேயே பெவர்லிக் குன்று விடுதியில் கிர்சுனரும் வழக்கறிஞரும் நால்வரையும் கூட்டிப் பெருந்தொகைக்கான காசோலைகளை அளித்தனர். நெசுமித்து, இனித் தாங்களே இசைப்பதாகவும் இல்லையேல் வெளியேறுவதாகவும் உரைத்தார். வழக்கறிஞர் ஒப்பந்தத்தை நினைவூட்டினார். நெசுமித்தின் கை சுவரில் ஓட்டை இட்டது.

சுவரை உடைத்தலைப் பண்பாடு என்று எவரும் கூறார். ஆயினும் காசோலையைக் கையில் பெற்ற அதே வேளையில், தமக்கு வேண்டியது அஃதன்று என்று சொல்லத் துணிந்த இளைஞர் எத்துணைப் பேர் இருப்பர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாங்கள் தட்டுகளில் இசைக்கவில்லை என்னும் கமுக்கத்தை இதழாளரிடம் வெளியிட்டவரும் அவரே. பகைவர் கண்டுபிடித்து அம்பலப்படுத்தியதன்று. உள்ளிருந்தவரே உரைத்த மெய் அது.

பிப்பிரவரியில், நால்வரின் இசைவின்றி அடுத்த பாடலை வெளியிட முனைந்த கிர்சுனர் நீக்கப்பட்டார். சிப் தக்ளசு என்னும் இளைஞர் துணைநிற்க நால்வரும் கூடத்திற்குள் புகுந்தனர். 1967 மே திங்களில் வெளிவந்த 'தலைமையகம்' என்னும் தட்டு அவர்கள் கைபட்டு எழுந்தது. அதில் தடுமாற்றங்கள் உண்டு. கூலி வல்லுநரின் வழுவழுப்பு இல்லை. ஆனால் நால்வர் ஒன்றுகூடி மகிழும் ஒலி உண்டு. ஒரே கிழமை அது முதலிடத்தில் இருந்தது. அடுத்த கிழமை பீட்டில்சின் 'சார்சண்டு பெப்பர்' வந்து அதனைக் கீழிறக்கிற்று. பின்னர்ப் பதினொரு கிழமைகள் அதற்கு அடுத்த இடத்தில் நின்றது. முந்தைய பட்டறைத் தட்டின் அளவுக்கு அது விற்கவில்லை என்பதும் உண்மை.

அத்தட்டில் தோலென்சு இயற்றிய ஒரு பாடலின் தலைப்பு, இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் அவர் கேட்டு மகிழ்ந்த ஒரு வசைத்தொடர். பொருள் அறியாமலே எடுத்து வைத்துவிட்டார். இங்கிலாந்து நிறுவனத்தார் திடுக்கிட்டு 'மாற்றுத் தலைப்பு' வேண்டும் என்று கேட்க, அவர் 'மாற்றுத் தலைப்பு' என்பதையே தலைப்பாக வைத்தனுப்பினார்! அயல் வழக்கின் சொல்லைப் பொருள் அறியாது எடுத்தாளுவோர்க்கு நேரும் இடர்களில் இது மிக எளியது.

இனி நேர்ந்ததுதான் உற்றுநோக்கத்தக்கது. விடுதலை பெற்ற நால்வரும் அதன்பின் நெடுங்காலம் அவ்வாறு ஒருங்கே அமர்ந்து ஒரு தட்டை முழுமையாகச் செய்யவில்லை. தார்க்கு மெய்யான குழுவாக வாழ விரும்பினார். தோலென்சோ, ஒருமுறை ஏறிய மலையில் மீண்டும் ஏறுவானேன் என்னும் கருத்தினர். நெசுமித்துக்குத் தம் பாடல்களே பெரிதாயின. சோன்சுக்கு மேடை நாடகப் பாட்டே உவப்பாயிற்று. கூலி இசைவாணரை அவர்களே மீண்டும் அழைத்தனர். ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்தனர். கிர்சுனர் என்னும் பொதுப்பகை இருந்தவரையே ஒற்றுமை இருந்தது. ஆள்தேர்வில் சேர்த்தவர்களைச் சினம் சிறிது காலம் இணைத்தது. அச்சினம் தணிந்தபின் இணைப்பதற்கு இளமைத் தோழமையோ ஒரே தெருவின் நினைவோ இல்லை.

தொடர் 58 நிகழ்ச்சிகளோடு 1968 மார்ச்சில் முடிவுற்றது. அவ்வாண்டு நவம்பரில் இராபெல்சன் இயக்கிய 'தலை' என்னும் திரைப்படத்தில், தாங்கள் விளம்பரத்திற்காகச் செய்யப்பட்ட பாவைகள் என்பதை நால்வரும் தாமே எள்ளி நகையாடினர். முன்பு கொண்டாடிய சிறார்க்கு அது விளங்கவில்லை. விளங்கக்கூடியவர்கள் பார்க்க வரவில்லை. ஆண்டின் இறுதியில் தார்க்கு பணம் கட்டி ஒப்பந்தத்தினின்று தம்மை மீட்டுக்கொண்டார். 1970-இல் நெசுமித்து விலகினார். எஞ்சிய இருவர் அவ்வாண்டு ஒரு தட்டை வெளியிட்டனர். அதனோடு குழு கலைந்தது.

கிர்சுனரோ தம் பாடத்தை நன்கு கற்றுக்கொண்டார். மாந்தரை அமர்த்தினால் மாந்தர் ஒருநாள் மறுத்துப் பேசுவர். ஆகலின் அவர் அடுத்துப் பிடித்தது படக்கதையில் வரும் ஆர்ச்சி என்னும் ஓவிய உருவையும் அவன் தோழர்களையும். 'ஆர்ச்சீசு' என்னும் அக்குழுவின் 'சுகர் சுகர்' என்னும் பாடல் 1969-இல் அமெரிக்காவில் நான்கு கிழமைகள் முதலிடம் பெற்றது. பாடிய இரான் தாந்தேயின் முகத்தைக் கேட்டவர் அறியார். அவர்கள் கண்டது மையால் வரைந்த வாய்களை. அவ்வாய்கள் பங்கு கேட்கவில்லை, தலைப்பைத் தாமே இடவில்லை, சுவரைக் குத்தவில்லை. இன்று கணிப்பொறியானது தொண்டையே இல்லாத குரலை ஆக்கித் தருகின்றது. கிர்சுனர் ஓவியத்தில் தேடியதை அடுத்த தலைமுறை வணிகர் எந்திரத்தில் கண்டுகொண்டனர்.

மங்கீசின் கதை அங்கே முடியவில்லை. 1986-இல் பழைய தொடர் மீண்டும் ஒளிபரப்பாக, அன்று பிறந்திராத இளைஞர் அரங்குகளை நிறைத்தனர். 1996-இல் நால்வரும் ஒன்றுகூடி, ஒரு வெளியாளின் பாட்டும் ஒரு கூலியாளின் கையும் இல்லாமல், தாமே இயற்றித் தாமே இசைத்துத் தாமே பாடிய தொகுப்பொன்றை வெளியிட்டனர். அதனைப் பெரிதாக வாங்குவார் இல்லை. வாங்குவார் இல்லாத நாளில் அதனைச் செய்தனர் என்பதே அதன் சிறப்பு. சோன்சு 2012-இலும் தார்க்கு 2019-இலும் மறைந்தனர். 2021 நவம்பர் 14-ஆம் நாள் இலாசு ஏஞ்சலீசு நகரின் கிரேக்க அரங்கில் தோலென்சும் நெசுமித்தும் கடைசி முறையாக ஒன்றாகப் பாடினர். நெசுமித்து உடல் நலிந்திருந்தார். அடுத்த திங்கள் பத்தாம் நாள் அவர் காலமானார்.