ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதா?

1/
"சரக்கெல்லாம் தொடுறதில்ல சார், ஒயின் மட்டும்தான்." லால்குடியில் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வருபவர்கள் சிலர் சொல்வது இது. பிரான்சிலிருந்து வந்த சொந்தக்காரர் "ஹார்ட்டுக்கு நல்லது" என்று கொடுத்த பாட்டில் உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கலாம். அதனால்தான் இந்த இழை.

2/
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயின் ஒரு மதுபானம். மருந்து இல்லை.

3/
இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் நிறைய சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு. காரணம் ரெட் ஒயின் என்று 1991-ல் ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சி பேசியது. 1992-ல் லான்செட் இதழில் கட்டுரையும் வந்தது. உலகமே பிடித்துக்கொண்டது.

4/
ஓட்டை எங்கே? அளவாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியும் நல்ல சாப்பாடும் உள்ளவர்கள். "குடிக்காதவர்கள்" பட்டியலிலோ, உடம்பு கெட்டபின் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். ஒப்பீடே கோணல்.

5/
"அதுல ரெஸ்வெரட்ரால் இருக்கே டாக்டர்?" இருக்கிறது, லிட்டருக்குச் சில மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுப்பதோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அந்த அளவை ஒயினில் எடுக்க நினைத்தால் கல்லீரல் முதலில் போய்விடும்.

6/
கணக்கு பாருங்கள். 13% ஒயின், 750 மில்லி பாட்டில்: சுமார் 77 கிராம் ஆல்கஹால். ஒரு குவாட்டர் பிராந்தி: சுமார் 61 கிராம். ஒரு பாட்டில் ஒயினைக் காலி செய்தவர் குவாட்டரைத் தாண்டிவிட்டார்!

7/
"பழசாக ஆக நல்லதாமே?" ருசிக்கு, அதுவும் சில ஒயின்களுக்கு மட்டும். போர்தோ போன்ற ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் டானின் இருக்கும். பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்புதான். வருஷக்கணக்கில் வைத்தால் அது மெதுவாக இளகும். ஆல்கஹால் அப்படியேதான் இருக்கும்.

8/
அப்படி வைக்க இருட்டறை வேண்டும், 12-13 டிகிரி குளிர் வேண்டும், தக்கை காயாமல் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் பரணில் கிடக்கும் பாட்டில் முதிராது, வெந்துதான் போகும்.

9/
கவனிக்க வேண்டியவர்கள்:
கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள்: வெறும் வயிற்றில் குடித்தால் சுகர் திடீரென இறங்கலாம். மயக்கத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உயிருக்கே ஆபத்து.
ஃபேட்டி லிவர் உள்ளவர்கள்: வேண்டவே வேண்டாம்.
கர்ப்பிணிகள்: "குழந்தை கலரா பிறக்கும்" என்று யார் கொடுத்தாலும் ஒரு வாய்கூட வேண்டாம். கலர் வராது, குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

10/
மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023-ல் அந்நிறுவனம் சொன்னது. இதில் ஒயினுக்கு மட்டும் விலக்கு இல்லை.

11/
திராட்சை வேண்டுமா? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைத் தோலோடு சாப்பிடுங்கள். சுகர் உள்ளவர்கள் அளவோடு.

12/
குடிக்காதவர்கள் ஹார்ட்டுக்காக ஆரம்பிக்காதீர்கள். குடிப்பவர்கள், ஒயினாக இருந்தாலும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை அதற்குத் தக்கபடிதான் எழுத முடியும். ஹார்ட்டுக்கு தினமும் அரைமணி நேர நடை போதும், அதற்கு பிரான்சிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.