கருவியறை வாசலில் நிறுத்தப்படும் சமூகநீதி: தோல் மண்டலத்தின் கதிர்வீச்சு சிகிச்சை மாணவர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் மண்டலத்தில், தலித் குடும்பங்களிலிருந்து மருத்துவத் துறைக்குள் நுழையும் இளைஞர்களுக்குத் திறந்திருக்கும் வழிகள் மிகச் சில. நீட் தேர்வு எம்.பி.பி.எஸ். கனவைப் பலருக்கு மூடிவிட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேரக்கூடிய துணை மருத்துவப் பட்டப்படிப்புகளே எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பி.எஸ்சி. கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இப்படிப்பு மூன்றாண்டு வகுப்பும், இன்டர்ன்ஷிப் எனப்படும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. சமூகநீதி பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் சேர்க்கையோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் இத்துறையில் ஒரு மாணவரின் எதிர்காலத்தை முடிவு செய்வது மருத்துவமனைப் பயிற்சியே. அதைப் பற்றி நாம் இதுவரை போதிய அளவு பேசவில்லை.

கதிர்வீச்சு சிகிச்சையில் எவ்வளவு கதிர் தர வேண்டும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர் தீர்மானிக்கிறார். அது உடலுக்குள் எவ்வாறு பரவும் என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிடுகிறார். நோயாளியை மேசையில் கிடத்தி, லேசர் கோடுகளை உடலிலுள்ள குறிகளோடு பொருத்தி, தலையோ கழுத்தோ அசையாமலிருக்க முகமூடி அச்சைப் பொருத்தி, படம் எடுத்துச் சரிபார்த்து, கதிரைச் செலுத்துபவர் தொழில்நுட்பநர். வாரத்தில் ஐந்து நாள் என்ற கணக்கில் பல வாரங்கள் நீளும் சிகிச்சையில், நோயாளி நாள்தோறும் சந்திக்கும் முகம் அவருடையதே. சில மில்லிமீட்டர் பிசகினால் கட்டி தப்பிவிடும். அருகிலுள்ள தண்டுவடமோ உமிழ்நீர்ச் சுரப்பியோ சேதமுறும். இந்தத் திறனைப் புத்தகத்தில் படித்துப் பெற முடியாது. இயங்கும் கருவியின் அருகே, அனுபவமுள்ளவரின் கண்காணிப்பில், நூற்றுக்கணக்கான முறை செய்து பார்த்துத்தான் பெற முடியும்.

எனவே முதல் கேள்வி எளியது: கருவி எங்கே இருக்கிறது?

வேலூரில் 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த கிறித்துவ மருத்துவக் கல்லூரி, இப்பகுதியின் புற்றுநோய் சிகிச்சைக்கு நெடுங்காலமாக முதன்மை மையமாக விளங்குகிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எனப் பல இடங்களிலிருந்து நோயாளிகள் வருவதுபோல், பயிற்சிக்காக நாடெங்கிலுமிருந்து மாணவர்களும் அங்கு வருகின்றனர். அரசுத் தரப்பில் அருகிலிருப்பது காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969இல் நிறுவப்பட்ட அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. அதற்கு அப்பால் சென்னைதான். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது உருவான இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய இரு மாவட்டங்களும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. கதிர்வீச்சுக் கருவி ஒன்றைச் சொந்தமாக வைத்திராத கல்லூரி, வேறொரு மருத்துவமனையுடன் உடன்படிக்கை செய்துகொண்டுதான் மாணவர்களைப் பயிற்றுவிக்க முடியும். அந்த உடன்படிக்கை எத்தகையது, எத்தனை மணிநேரம், யார் கண்காணிப்பில் என்பன சேர்க்கை நேரத்தில் மாணவருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்திகள். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் குடும்பத்திற்கு இவற்றைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

இந்த மணிநேரக் கணக்கு இப்போது சட்டப் பொருளும் ஆகிவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் உடல்நலத் தொழிலர்கள் ஆணையச் சட்டம், இத்துறையினரைப் பதிவேட்டின் கீழ்க் கொண்டுவருகிறது. துணை மருத்துவத் தொழிலராகக் கருதப்பட, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணிநேரத்திற்குக் குறையாத படிப்பு வேண்டும். உடல்நலத் தொழிலராகக் கருதப்பட, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணிநேரத்திற்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டங்களில் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பமும் ஒன்று. தரத்தை ஒழுங்குபடுத்தும் இந்த முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் தரம் உயரும்போது, தரமான பயிற்சி இடம் கிடைக்காதவரின் பட்டம் மதிப்பிழக்கிறது. பயிற்சி இடத்தை யார் பெறுகிறார் என்பதைச் சட்டம் கவனிக்காவிட்டால், பதிவேடே புதிய வடிகட்டியாக மாறிவிடும்.

இங்கேதான் இடஒதுக்கீட்டின் எல்லை வெளிப்படுகிறது. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. அரசியலமைப்பின் 15(5)ஆம் பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிறுவனங்கள் இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கின்றன. ஆக, இப்பகுதியில் மிகச் சிறந்த கருவிகள் இருக்கும் இடத்தில் இடஒதுக்கீடு சட்டப்படி கட்டாயமில்லை. இடஒதுக்கீடு கட்டாயமான அரசுத் துறையிலோ அருகில் கருவி இல்லை. சிறுபான்மையினரின் கல்வி உரிமையை மறுக்க வேண்டும் என்பது நமது வாதமன்று. அரசு தன் கடமையைத் தனியார் அறக்கட்டளைகளின் தோள்மீது இறக்கி வைத்துவிட்டு ஒதுங்குவதையே கேள்வி கேட்கிறோம்.

அடுத்தது பணம். ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பட்டியல் சாதி மாணவர்கள் பெறுவதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய். உள்ளுறைப் பயிற்சியிலோ செய்முறைப் பயிற்சியிலோ மாணவர் ஏதேனும் ஊதியமோ ஊக்கத்தொகையோ பெற்றால் அக்காலத்திற்கு உதவித்தொகை இல்லை என்பது இத்திட்டத்தின் நெடுநாளைய விதி. ஊக்கத்தொகை எவ்வளவாக இருக்க வேண்டும் என்று அவ்விதி கேட்பதில்லை. மாதம் சில ஆயிரம் கொடுக்கப்பட்டாலும் அரசின் உதவி நின்றுபோகும். ஒன்றும் கொடுக்கப்படாவிட்டால், முழுநேர உழைப்பை இலவசமாகத் தர வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். காலை கருவிச் சோதனை தொடங்கும்முன் வந்து சேர வேண்டிய மாணவிக்கு விடுதி வேண்டும், உணவு வேண்டும், பேருந்துக் கட்டணம் வேண்டும். காலணி ஆலையில் தைக்கும் தாயின் கூலியிலிருந்தோ, வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்து எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பாட்டியின் வருவாயிலிருந்தோ அந்தச் செலவு வர வேண்டியிருக்கிறது. இறுதியாண்டில் படிப்பை விட்டுவிட்டு அதே ஆலைக்குத் திரும்பும் வாய்ப்பு இங்கேதான் உருவாகிறது.

மூன்றாவது பாதுகாப்பு. 2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி 18 வயதுக்கு உட்பட்டவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக அமர்த்தக் கூடாது. பணியாளருக்கான கதிரளவு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. இதை அளக்கத்தான் டி.எல்.டி. எனப்படும் மார்பு வில்லை. கல்லூரியில் சேரும்போது பல மாணவர்களுக்கு வயது 17 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் அவர் பெயரில் தனி வில்லை உண்டா, அதன் அளவீட்டு அறிக்கை அவர் கையில் தரப்படுகிறதா என்பவை சலுகைக்குரிய கேள்விகள் அல்ல. ஆபத்தை அறிவிக்காமல் வேலை வாங்கும் பழக்கத்தின் விலையை இந்த மண்டலம் நன்கறியும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

நான்காவது, கண்ணியம். மருத்துவக் கல்வி வளாகங்களில் சாதி எவ்வாறு இயங்குகிறது என்பதை, தில்லி எய்ம்ஸ் குறித்து 2006இல் அமைக்கப்பட்ட தோரட் குழு ஆவணப்படுத்தியது. பயிற்சி மாணவரின் நிலை அதைவிடப் பலவீனமானது. அவர் பெயர் கல்லூரிப் பதிவேட்டில். உடல் வேறொரு மருத்துவமனையில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகள் உயர்கல்வி நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகின்றன; பயிற்சி தரும் மருத்துவமனையின் மூத்த ஊழியர் சாதியைக் கேட்டு இழிவுபடுத்தினால், கல்லூரியின் குறைதீர் அமைப்பு அவரை விசாரிக்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டுதான். ஆனால் தேர்ச்சிக் கையொப்பம் யாரிடம் இருக்கிறதோ அவர்மீது புகார் கொடுக்க எந்த மாணவர் துணிவார்?

"கருவிகள் குறைவு, நோயாளியின் பாதுகாப்பே முதன்மை, தகுதியை விட்டுக்கொடுக்க முடியாது" என்ற பதில் வரும். நோயாளியின் பாதுகாப்பு முதன்மை என்பதில் நமக்கும் மாறுபாடு இல்லை. ஏனெனில் அந்த நோயாளி பெரும்பாலும் நம்மவர். ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயையும், தோல் தூசி மூக்குக் குழிப் புற்றுநோயையும் உண்டாக்க வல்லவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேடு இலட்சக்கணக்கான டன் அளவில் இன்றும் சுமையாக இருக்கிறது. 2023 இறுதியில் தமிழ்நாடு அரசு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைக் கண்டறியும் முன்னோடித் திட்டத்திற்குத் தேர்ந்த நான்கு மாவட்டங்களில் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இடம்பெற்றன. கண்டறிதல் பெருகினால் சிகிச்சை கேட்டு வருவோரும் பெருகுவர். அவர்களுக்குப் பணியாற்றப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். தகுதி என்பது பிறப்போடு வருவதன்று, பயிற்சியால் வருவது. பயிற்சியை மறுத்துவிட்டுத் தகுதி கேட்பதில் நேர்மையில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று பாலாறு குறித்த தீர்ப்பில் அதை மீண்டும் வலியுறுத்தியது. முதல் தீர்ப்பின் இழப்பீடு பெரும்பாலும் பாழான விளைநிலத்தின் உடைமையாளர்களைச் சென்றடைந்தது. நிலமற்ற தலித் தொழிலாளியிடம் பாழாவதற்கு இருந்தது அவரது உடல் மட்டுமே. அது கணக்கில் வரவில்லை. அந்தப் பழைய கணக்கைத் திருத்த இப்போது ஒரு வழி இருக்கிறது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு அரசுக் கதிர்வீச்சு சிகிச்சை மையம் வேண்டும். அதற்கான நிதியில் மாசு இழப்பீட்டுத் தொகையின் பங்கும் இருக்க வேண்டும். அரசு மையங்களின் பயிற்சி இடங்கள் உள்ஒதுக்கீடு உள்பட இடஒதுக்கீட்டுச் சுழற்சியின்படி பகிரப்பட வேண்டும். ஊக்கத்தொகை கட்டாயமாக்கப்பட வேண்டும். அதைக் காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தும் விதி நீக்கப்பட வேண்டும். கல்லூரிகள் தம் பயிற்சி உடன்படிக்கைகளைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும். கதிரளவு அறிக்கை மாணவர் கையில் தரப்பட வேண்டும். பயிற்சி மருத்துவமனையும் கல்லூரியும் சேர்ந்து பொறுப்பேற்கும் சாதிப் பாகுபாட்டுக் குறைதீர் குழு வேண்டும்.

மாணவர் அமைப்புகள் இன்றே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் பயிற்சி உடன்படிக்கையின் நகலையும், வில்லை வழங்கிய பதிவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகத்திடமும் அரசு மருத்துவமனைகளிடமும் கேளுங்கள். கிடைக்கும் பதில்களை ஒன்றுதிரட்டுங்கள். தோலைத் தொட்டதற்காகத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் மகள், நோயுற்ற மனிதரின் உடலைத் தொட்டு, சரியான நிலையில் கிடத்தி, அவரைக் காக்கும் பணிக்கு வர விரும்புகிறாள். அவளுக்குக் கருவியறையின் கதவைத் திறந்துவிடுவது அரசின் கடமை.