பெர்குசனைக் கூப்பிடாதீர்கள்

மான்செஸ்டர் யுனைடெட் தோற்கும்போதெல்லாம் எங்கள் நண்பர் குழுவில் யாராவது ஆரம்பித்துவிடுவார்: “பெர்குசனைத் திரும்பக் கூப்பிடுங்கப்பா!” முன்பு நானும் அந்தக் கட்சிதான். 2013 மே மாதம் ஓல்ட் டிராஃபோர்டில், மழையில் நனைந்தபடி மைக்கைப் பிடித்து அவர் மேனேஜர் பதவியிலிருந்து விடைபெற்றதை டி.வி.யில் பார்த்துக் கண் கலங்கியவன்.

இப்போது வேண்டாம் என்கிறேன். 1941இல் பிறந்தவர், 2018இல் மூளையில் ரத்தக்கசிவு வந்து பிழைத்தவர். அந்த மனிதரை டச்லைனில் நிறுத்திக் கத்தச் சொல்வது பாவம். அதை விடுங்கள். இதே கிளப் ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டிருக்கிறது. 1969இல் ஓய்வுபெற்ற மேட் பஸ்பியை, அடுத்து வந்த வில்ஃப் மெக்கின்னஸ் தடுமாறியதும், 1970 டிசம்பரில் மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த சீசன் எப்படியோ ஒப்பேறியது. 1974இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. லிவர்பூலும் 2011இல் தன் பழைய மேனேஜர் கென்னி டால்கிளிஷை மறுபடி அழைத்தது. லீக் கோப்பை வாங்கித் தந்தார். லீக்கில் எட்டாம் இடம். 2012 மே மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெர்குசன் 13 லீக் பட்டம் வென்றவர்தான், யார் மறுத்தது? ஆனால் 1986இல் வந்தவரின் முதல் லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருந்தார்கள். அன்று மழையில் அவர் கேட்டதும் அதே பொறுமையைத்தான்: புதிய மேனேஜருக்குத் துணை நில்லுங்கள் என்றார்.

அந்தப் புதிய மேனேஜர் டேவிட் மோய்ஸ் பத்து மாதம்கூட நீடிக்கவில்லை.