கையாறு: கலக்கமும் செயலறவும்

ஊக்கம் இழத்தலைக் குறிக்க இக்காலக் கட்டுரைகளில் பெரிதும் வழங்கும் சொல் ‘மனச்சோர்வு’. அது மருத்துவக் கலைச்சொல்லாகவும் நிலைபெற்றுவிட்டமையால், போராடும் கூட்டத்தின் தளர்ச்சியும் தனியொருவரின் நோயும் ஒரே பெயரைப் பெறுகின்றன. இவ்விடர்ப்பாட்டை நீக்கத்தக்க ‘கையாறு’ என்னும் பழஞ்சொல்லோ, இரங்கற்பாவின் எல்லைக்குள் ஒடுக்கப்பட்டுள்ளது.

கையறுதலில் ‘கை’ உறுப்பை மட்டும் சுட்டுவதன்று, செயலையும் சுட்டும். ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்னும் பேச்சு வழக்கில் அப்பொருள் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. செயலற்று நிற்றலே சொல்லின் அடிப்பொருள். துயரம் அதற்குக் காரணமாகலாம், அதுவே ஆகாது. திருக்குறளின் ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தில் கலக்கமும் கையாறும் ஒருபொருட் பன்மொழியாக வரவில்லை. கலக்கம் எவர்க்கும் நேரும். அதனைக் கையாறாக்கிக் கொள்ளாமையே மேலோர் இயல்பு என்பது வள்ளுவர் கொள்கை. அரசு ‘கையறு நிலையில்’ உள்ளதென எழுதும் நாளிதழ்கள், இவ்வகையில் ஆய்வேடுகளைவிட மூலப்பொருளுக்கு அண்மையில் நிற்கின்றன.

இவ்வேறுபாட்டின் தேவையை உணர்த்தும் இடம் வடசென்னை மூலக்கொத்தளம். சென்னை மாகாண அரசு 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதனை எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசன் 1939 சனவரியிலும், தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சிலும் உயிர்நீத்தனர். மன்னிப்புக் கோரி விடுதலை பெற நடராசன் மறுத்தார் என்பது அப்போராட்ட வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. இருவரும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றனர்.

இறந்தோர் பொருட்டு எஞ்சியோர் புலம்புதலைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் கையறுநிலை என வைக்கும். மூலக்கொத்தளத்து அழுகையை அப்பெயரால் சுட்டுவது துறையளவில் பொருந்தும், சொல்லளவில் பொருந்தாது. எஞ்சியோர் கலங்கினர், செயலறவில்லை. இரண்டாம் சாவுக்குப் பின்னும் போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி விலக்கப்பட்டது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியமையும் இதற்கு வழிவகுத்தது என்பதை மறைத்தல் முறையன்று.

அவ்விடைக்காலத்து உளநிலைக்குப் பெயர் தேடுவோர் மெய்ப்பாட்டியலின் ‘அசைவு’ என்பதைக் கருதலாம். அழுகைக்குரிய நான்கனுள் ஒன்றாகிய அதற்கு, முன்னை நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதல் என்று பேராசிரியர் பொருள் கொள்வார். அவ்வருத்தத்தில் செயல் அறுவதில்லை.